துப்பாக்கியும் துடுப்பும்

முட்டத்துப் பாறைகளிலே அலை மோதிச் சிதறும் மாலை வேளை. படிப்பகக் கூட்டம் முடிந்து, இளைஞர் சிலருடன் கடற்கரையில் அமர்ந்திருந்தோம். அவர்களில் ஒருவர், வாதத்தில் வல்லவர், கேட்டார்: "தோழர், ஆயுதம் பறிக்கப்பட்டவன்தானே அடிமையானான்? அப்படியானால் தன்மானம் உள்ளவன் வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பது தவறா?"

சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல இது. வரலாறு அவர் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது.

1878இல், லிட்டன் பிரபுவின் ஆட்சியில், ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியனுக்கு விலக்கு உண்டு! வெள்ளையன் சட்டம் போட்டுச் செய்த அந்த வேலையை, அதற்கு நெடுங்காலம் முன்பே சாத்திரம் போட்டுச் செய்து முடித்தது வருணாசிரமம். உழுபவன் கையில் கலப்பை இருக்கலாம், வாள் கூடாது. அவன் காதில் கட்டளை விழலாம், கல்வி விழக் கூடாது. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் டாக்டர் அம்பேத்கர் இதனைத்தான் எடுத்துக்காட்டினார்: இத்தனை கொடுமையையும் மக்கள் ஏன் பொறுத்தனர்? எதிர்த்தெழ ஆயுதமும் இல்லை, எதிர்க்க வேண்டும் என்று உணர்த்தக் கல்வியும் இல்லை!

ஆகவே, நண்பரின் கோபம் நியாயமானது. ஆனால், கோபம் நியாயமானது என்பதாலேயே அது காட்டும் வழியும் நியாயமாகிவிடுமா? நாமும் ஒரு காலத்தில் துப்பாக்கி பிடித்தவர்தாம். அந்த வீரவரலாற்றைச் சற்றே கேளுங்கள்.

சீனப் போருக்குப் பின், 1963இல், தேசிய மாணவர் படைப் பயிற்சி கல்லூரி மாணவருக்குக் கட்டாயமாயிற்று. 1968இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. இடையிலே அகப்பட்டவர் நாம். காக்கி உடை வந்தது. நம்மைப் போல் இருவர் நுழையலாம் அதற்குள்ளே! கட்டளைகளோ இந்தியில். அந்நாளில் பட்டாளத்தாருக்கு இடம் வலம் புரியவில்லை என்று ஒரு காலில் ஓலையும் மறு காலில் சீலையும் கட்டி, 'ஓலைக்கால், சீலைக்கால்' என்று நடத்தினார்களாம். நமக்கு அந்த வசதியும் இல்லை. அவில்தார் "பீச்சே முட்!" என்று முழங்கினார். பின்புறம் திரும்பு என்று பொருளாம். முட்டத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் மட்டும் முகம் மலர்ந்து ஓரடி முன்னே வந்து நின்றார். 'பீச்' என்றதும் கடற்கரை. 'முட்' என்றதும் முட்டம். ஊருக்குப் போக விடுமுறை கிடைத்துவிட்டது என்று எண்ணிவிட்டார் அவர்! இந்தக் கட்டளைச் சொற்களை நீக்க வேண்டும் என்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 சனவரி 23ஆம் நாள் சட்டமன்றத்தின் மொழித் தீர்மானம் கூறிற்று. அதன் நியாயத்தை நமக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுடும் நாளும் வந்தது. ஆளுக்கு ஐந்து தோட்டாக்கள். சுட்டோம். நமது குறிப்பலகையில் ஒரு துளையும் இல்லை. பக்கத்தில் படுத்துச் சுட்டவருடைய பலகையிலோ ஏழு துளைகள்! ஐந்து தோட்டாவில் ஏழு துளையிட்ட அந்த மேதைக்குப் பாராட்டு. தோட்டா தானம் செய்த நமக்குத் திட்டு!

வேடிக்கை அங்கே முடிந்தது. சுட்டு முடித்ததும் வெற்றுத் தோட்டாக் கூடுகளை எண்ணினார்கள், ஒன்று குறைந்தது. நாற்பது பேரும் வெயிலில் முழங்காலிட்டுப் புழுதியைச் சலித்தோம். பொழுது சாயும் வேளையில் கிடைத்தது, நமது கால்சட்டை மடிப்பிலேயே! அன்று அவில்தாரை உள்ளூரச் சபித்தோம். இன்று வணங்கத் தோன்றுகிறது. இனி எவரையும் கொல்ல இயலாத ஒரு விரலளவு பித்தளைக்கே அவ்வளவு கணக்கு! துப்பாக்கி என்றால் கட்டளை, கண்காணிப்பு, கணக்கு. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அது இருக்கலாகாது என்பதே அந்தப் புழுதி கற்பித்த பாடம்.

வீட்டிலே இந்த மூன்றில் எது இருக்கிறது?

நம் மாமா வீட்டுச் சுவரில் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று தொங்கியது. தேங்காய்க் கள்ளருக்காக வாங்கியது. ஆண்டுக்கொரு முறை ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் பெற்றுச் சாமியாகிவிடும். மற்ற நாட்களில் சிலந்திக்கு வீடு. பயிற்சி முகாம் முடிந்து, கடைசிப் பேருந்தில் இறங்கி, உறங்குபவரை எழுப்ப வேண்டாமென்று பின்சுவர் ஏறிக் குதித்தோம் ஓர் இரவு. "கள்ளன்! துப்பாக்கியை எடு!" என்று மாமா அலறினார். தோட்டாப் பெட்டியின் சாவியை அத்தை தேடினார். முந்தானையில் இல்லை, தலையணைக்கடியில் இல்லை. அதற்குள் நாம், "மாமா, நான்தான்!" என்று கூவிவிட்டோம். சாவி கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை கிடைத்திராது. சிரித்தோம் அனைவரும். மாமா மட்டும் சிரிக்கவில்லை. விடியும்வரை திண்ணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பயிற்சியற்றவர் பயந்தார், பயிற்சி பெற்றவர் பயப்படமாட்டார் என்கிறீர்களா? 2012 பிப்ரவரி 15ஐ நினைவுகூருங்கள். கேரளக் கரைக்கு அப்பால், 'என்ரிகா லெக்ஸி' என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த கடற்படையினர் சுட்டதில், 'செயின்ட் ஆன்டனி' படகிலிருந்த மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் நம் குமரி மாவட்டத்தவர். கடற்கொள்ளையர் என்று கருதியதாகச் சொன்னது இத்தாலியத் தரப்பு. வலை வீசியவர், கொள்ளையராகத் தெரிந்தார்! 2021இல் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டுடன் உச்சநீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. முடிந்த உயிர் மீண்டதா? பட்டப்பகலில், பயிற்சி பெற்றவர் கண்ணையே அச்சம் மறைக்குமானால், நள்ளிரவில் உறக்கம் கலைந்து எழுபவரின் கண் என்ன காணும்?

1791 முதல் ஆயுதம் ஏந்துவதை அரசியல் சட்ட உரிமையாகவே கொண்டுள்ள அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள்! கள்ளனுக்கென்று வாங்கியது, கலங்கிய நெஞ்சுடன் இருக்கும் வீட்டாருக்கே எமனாகிறது. நம் நாட்டிலோ, தேர்தல் வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வீட்டைக் காக்க வந்ததை, வீட்டாரிடமிருந்து காக்க வேண்டியிருக்கிறது!

அப்படியானால், ஆயுதம் பறிக்கப்பட்டவன் அடிமையானான் என்ற உண்மை என்னாவது? விடை அம்பேத்கரிடமே இருக்கிறது. ஐரோப்பாவின் எளியோருக்கு வலிமை தந்தவை என்று 1936இல் அவர் எண்ணிச் சொன்னவற்றில் படைப்பணி உண்டு, கல்வி உண்டு. படுக்கையறைத் துப்பாக்கி இல்லை. 1948 டிசம்பரில், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொணர்ந்தபோது, அம்பேத்கர் ஏற்கவில்லை. நாடு இடருறும் வேளையில் ஆயுதம் ஏந்துவது ஒவ்வொருவரின் கடமை. தனிமனிதனின் உரிமை என்று அதைக் கேட்பது சரியன்று என்பது அவர் வாதம். சிலருக்கு மட்டுமே என்றிருந்த படையின் வாயிலை அனைவருக்கும் திறப்பது விடுதலை. அவரவர் வீட்டுச் சுவரில் ஒன்றைத் தொங்கவிடுவது, அச்சத்துக்கு ஆணி அடிப்பது.

முட்டத்திலிருந்து சற்றே வடமேற்கில் குளச்சல். 1741இல் டச்சுக்காரர் தோற்ற கரை அது. அந்தப் போரிலே, மீனவர் துடுப்புகளைத் தோளில் சாய்த்து அணிவகுத்து நிற்க, தொலைவிலிருந்த பகைவர் அவற்றைத் துப்பாக்கி என்றெண்ணி மலைத்தனர் என்று வாய்மொழியாக ஒரு செய்தி உண்டு. நடந்ததோ, புனைந்ததோ, அதைப் பேணிவந்த மக்களின் அறிவு பாராட்டுக்குரியது. தனியே ஒருவன் துடுப்புடன் நின்றிருந்தால் அது வெறும் மரம். ஊரே தோளோடு தோள் நின்றதால் அது படை!

நண்பரிடம் இதைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அப்படியானால் இரவில் கள்ளன் வந்தால்?" என்றார். "குரல் கொடுங்கள், ஓடிவர அண்டை வீட்டார் இருக்கவேண்டும். சாதிச் சுவர் தடுக்காத தெருவாக இருந்தால் வருவார்கள். அந்தத் தெருவை உண்டாக்கும் வேலைதான் நம்முடையது" என்றோம்.

துப்பாக்கி வாங்கப் பணம் போதும். அத்தகைய தெருவை உண்டாக்கத்தான் துணிவு வேண்டும். தோழர்களே, தொடங்குவோமா?