உப்பைப் பகிர்ந்த பின்

மேனாடுகளில் பெருவாரியாக விற்பனையாகும் காதல் நவீனங்களில் ஒரு வகை உண்டு. சிறுநகரம் ஒன்று, அங்கே ஓர் உணவகம், பள்ளி நாள் முதல் நண்பர்களான ஓர் ஆணும் பெண்ணும். ஒருவர் அடுப்படியில் நிற்க, மற்றவர் கல்லாவில் அமர்கிறார். ஆண்டுகள் உருள்கின்றன. ஒரு நாள், தம் நெஞ்சிலுள்ள நட்பு வேறோர் உருக்கொண்டுவிட்டதை அவர்களுள் ஒருவர் உணர்கிறார். சொல்வதா, மறைப்பதா? இந்தத் தவிப்பே கதை. வெறும் பொழுதுபோக்கு என்று இவற்றை ஒதுக்கிவிடலாம். ஆயினும் இவற்றினுள் கிடக்கும் வினா எளியதன்று.

சேர்ந்து உப்புத் தின்னாதவரை ஒருவரையொருவர் அறிய இயலாது என்னும் பழமொழியை, நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில் அரிஸ்டாட்டில் எடுத்தாள்கிறார். உணவகத்தின் சமையற்கட்டு அத்தகைய இடமே. மதியக் கூட்டம் நெருக்கும் வேளையில், எண்ணெய்ச் சட்டி கொதிக்க, பத்துப் பேர் ஒரே நேரத்தில் உணவு கேட்க, எவரும் தம் இயல்பை மறைத்துக்கொள்ள முடியாது. எளியவர்மீது சினந்து பாய்பவர் யார், பிறர் பிழையைத் தாம் ஏற்பவர் யார் என்பது அங்கே வெளிப்பட்டே தீரும்.

கொர்தோபாவில் பிறந்த பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (994–1064), 'தவ்குல் ஹமாமா' என்னும் தமது நூலில், நெடுநாள் பழக்கத்திற்குப் பின்னரே அன்பு கொள்வோரைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதினார். கண்டதும் காதல் கொண்டோம் என்பாரை அவர் எளிதில் நம்பவில்லை. அதனை இச்சையின் ஒரு வகையாகவே கருதினார். தம் உள்ளத்தில் வேரூன்றிய அன்பு காலம் கனிந்தே வந்தது என்றும் கூறினார். ஆகவே, நட்பில் முளைக்கும் காதல் இழிந்ததன்று.

ஆனால் அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நட்பு ஓர் அமானிதம். நண்பர் தம் துயரையும் குறையையும் நம்மிடம் ஒப்படைப்பது, அதற்கு நாம் விலை கேட்கமாட்டோம் என்ற நம்பிக்கையிலன்றோ? மனத்தில் வேறொன்றை வைத்துக்கொண்டு அந்நம்பிக்கையைத் தொடர்ந்து பெறுவது நேர்மையாகுமா? சொல்லிவிட்டாலோ, மறுப்பவர் ஒரு நண்பரை இழக்க நேரிடும். ஒரே உணவகத்தில் உழைப்போராயின் பிழைப்பும் ஆட்டங்காணும்.

ஜேன் ஆஸ்டின் 1815இல் வெளியிட்ட 'எம்மா'வில் உணவகம் இல்லை. ஆனால் ஹைபரி என்னும் சிற்றூரும் இதே வினாவும் உண்டு. எம்மாவின் நெடுநாள் நண்பர் நைட்லி. எளிய நிலையிலிருந்த பெண்மணி ஒருவரை அவள் எள்ளி நகையாடியபோது, அவளுடைய மனக்கசப்புக்கும் அஞ்சாது கடிந்துகொண்டவர். பின்னர் அவர் தம் மனத்தைத் திறக்க முற்படுகையில், அவர் வேறொருத்தியை விரும்புவதாக எண்ணிய எம்மா தடுத்துவிடுகிறாள். அவர் வாடியதைக் கண்டதும், தனக்கு எத்துணை வலித்தாலும் ஒரு தோழியாகக் கேட்பதற்கு இசைகிறாள். அவர்களுடைய காதலுக்குக் கதவு திறந்தது அந்த நட்பே.

காதல் நவீனங்கள் இன்ப முடிவை முன்கூட்டியே உறுதி செய்துவிடுகின்றன. ஆதலால் மறுப்புக்குப் பின் நட்பு நிற்குமா என்னும் சோதனைக்கு அவை பெரும்பாலும் செல்வதில்லை. உண்மையான உரைகல் அதுவே. உள்ளத்தில் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை, தெளிவாக, மறுக்கும் உரிமையை முழுமையாக அளித்துச் சொல்ல வேண்டும். 'இல்லை' என்ற விடை வந்த மறுநாளும் அதே அடுப்படியில் முகம் கோணாமல் தோள்கொடுக்க முடியுமாயின், நாம் கொண்டிருந்தது அன்பு. முடியாதெனில், இத்தனை ஆண்டுகளும் நாம் நட்பென்று அளித்து வந்தது, திருப்பிப் பெறும் எண்ணத்தோடு கொடுத்த கடனே.