லித்தாவில் எழுந்தவர்கள்



பாஸ்கா காலம் மூன்றாம் வாரச் சனிக்கிழமையாகிய இன்று, முதல் வாசகம் நம்மைப் பேதுருவோடு லித்தாவுக்குக் கூட்டிப் போகிறது. 8 ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஐனேயாவை அவர் இயேசுவின் பெயரால் எழுப்புகிறார். எழுந்ததும் அவருக்குக் கிடைக்கும் முதல் வேலை, தன் படுக்கையைத் தானே சரிசெய்வது.

அந்த லித்தாதான் இன்றைய லோத் நகரம். நம் ஊர்களில் கொடியேற்றித் திருவிழா எடுக்கிறோமே புனித ஜார்ஜியார், அவருடைய கல்லறை இருப்பதாக மரபு சொல்வதும் அங்கேதான். திருநாட்டுப் பயணம் போனவர்கள் டெல் அவீவில் இறங்கியதாகச் சொல்வீர்கள். நீங்கள் இறங்கிய பென் குரியன் விமான நிலையம் லோத் நகரை ஒட்டியே இருக்கிறது. 1973 வரை அதன் பெயரே லோத் விமான நிலையம்தான்.

அந்த வளாகத்தில்தான் இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் பழைய பயணியர் விமானங்களைச் சரக்கு விமானங்களாக மாற்றுகிறது. அதே நிறுவனம் ஏவுகணைகளும் செய்கிறது. அந்த மண் சிந்தும் கண்ணீரை நினைக்கையில், இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பழைய விமானம் ஒன்று அங்கே புது வேலைக்குத் தயாராகும் விதத்தை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

200க்கு மேற்பட்டோரை ஏற்றிச்சென்ற போயிங் 767 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15, 20 ஆண்டுகள் பறந்தாயிற்று. புது விமானங்கள் வந்துவிட்டன, பயணிகளுக்கு இது வேண்டாம். பட்டறைக்கு வந்ததும் இருக்கைகளைக் கழற்றுகிறார்கள். தலைக்கு மேலிருந்த பெட்டி அடுக்குகள், சமையலிடம், கழிப்பறைகள் எல்லாம் வெளியே போகின்றன. சன்னல்கள் இருந்த இடங்களை அலுமினியத் தகடுகளால் அடைக்கிறார்கள். பிறகு முன்புற இடப்பக்கத்தில் விமானத்தின் உடலையே அறுக்கிறார்கள். 3 மீட்டருக்கும் அதிக அகலமான கதவு அங்கே வரவேண்டும். அறுத்த இடம் பலவீனமாகும் என்பதால் சுற்றிலும் சட்டங்களைக் கூட்டி உறுதிப்படுத்துகிறார்கள். தரை மனிதர் நடக்கப் போட்டது. கனத்த பெட்டிகளைத் தாங்காது. அதன் உத்தரங்களையும் பலப்படுத்தி, பெட்டிகள் வழுக்கிச் செல்ல உருளைகளும், அவற்றை இறுக்கிப் பிடிக்கக் கொக்கிகளும் பதிக்கிறார்கள். சரக்குக்கும் விமானிக்கும் நடுவே ஒரு தடுப்பு எழுகிறது. திடீரென நிற்க நேர்ந்தால் சரக்கு தன் எடையைப் போல 9 மடங்கு விசையோடு முன்னே பாயும். அதையும் அது தாங்கவேண்டும். ஏறக்குறைய நான்கு மாத வேலை. எஞ்சின் அதேதான், இறக்கை அதேதான். ஆனால் இப்போது அது சுமார் 50 டன் சுமந்துகொண்டு இன்னும் பல்லாண்டுகள் பறக்கும். சென்னையைத் தளமாகக் கொண்ட புளூ டார்ட்டின் 757 விமானங்களும் ஒரு காலத்தில் பயணிகளைச் சுமந்தவையே.

2020இல் வேறொன்றும் நடந்தது. கொரோனாவால் பயணம் நின்றபோது, இருக்கைகளைக் கழற்றாமலே அவற்றின் மேல் முகக்கவசப் பெட்டிகளைக் கட்டிவைத்துப் பறந்தார்கள். அந்த ஏப்ரலில் டெல்லியிலிருந்து சென்னைக்கும் அப்படி ஒரு விமானம் வந்தது. ஆபத்து வேளையில் அது பேருதவி. ஆனால் பெட்டி பெட்டியாகக் கையால் ஏற்ற வேண்டும், கையாலேயே இறக்க வேண்டும், ஏற்றவும் கொஞ்சமே முடியும். பயணிகள் திரும்பியதும் அந்த விமானங்கள் பழைய வேலைக்கே போய்விட்டன.

நம்மில் பலருடைய திருப்பணி இந்த இரண்டாம் வகை என்று எனக்குத் தோன்றுகிறது. தலைமை ஆசிரியராக இருந்தோம், மேலாளராக இருந்தோம். ஓய்வு பெற்றபின் கோவில் வேலைக்கு வருகிறோம். வருவது நல்லதுதான். ஆனால் பழைய நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வருகிறோம். பெயர் சொல்லவில்லை, பொன்னாடை போர்த்தவில்லை என்றால் மறுவாரமே காணாமல் போகிறோம். ஆண்டவர் கேட்பது அந்த நாற்காலியைக் கழற்றுவதைத்தான். அது வலிக்கும். அந்த வலியை நானும் சிறிதாக எண்ணவில்லை.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. “நீங்க சும்மா உட்காருங்கப்பா” என்று பாசத்தோடுதான் சொல்கிறீர்கள். நாள் முழுக்க அதையே கேட்கிற மனிதர், தான் எதற்கும் ஆகாதவர் என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். உடம்பு ஒத்துழைக்காமல் எழவே முடியாதவர்கள் நம் பங்கில் உண்டு. அவர்களுடைய செபம் நம்மைத் தாங்குகிறது. நான் பேசுவது எழ முடிந்தும் யாரும் எழுப்பாததால் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி. எந்த விமானமும் தன்னைத்தானே மாற்றிக்கொள்வதில்லை. ஐனேயாவும் தானாக எழவில்லை. ஒருவர் தேடி வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

வாசகத்தின் பிற்பகுதியில் யோப்பாவில் இறந்துபோன தபித்தா வருகிறார். அவர் தைத்துத் தந்த உடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுகிறார்கள். அவரைப் பற்றி அவர்கள் காட்டுவதற்கு இருந்தது அந்தத் துணிகள்தான்.

திருப்பலி முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாசலில் நிற்பார்கள். படுக்கையில் இருக்கும் நம் பங்கு மக்களின் முகவரிகள் அவர்களிடம் உள்ளன. 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் போய்ப் பெயர் கொடுங்கள். வாரம் ஒரு வீடு போதும். துணைக்கு ஓர் இளைஞரையும் கூட்டிப் போங்கள்.