ஊர்தி ஒவ்வாத உடலும் யாத்திரைப் பயனும்

பேருந்திலோ காரிலோ கப்பலிலோ செல்லும்போது தலை கிறுகிறுத்து, வாயில் நீர் ஊறி, வயிறு புரண்டு, இறுதியில் வாந்தியாக முடியும் நிலையைப் பயணக் குமட்டல் எனலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அரிதாகவும் பள்ளிப் பருவத்தில் மிகுதியாகவும் காணப்படும் இது, வயது ஏற ஏறப் பெரும்பாலோரிடம் தணிந்துவிடுவதால், நாற்பதிலும் ஐம்பதிலும் அது நீங்காதவர்கள் மனத்திடம் இல்லாதவர்களாக எண்ணப்படுகிறார்கள். காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் இவ்வெண்ணம் சமய வாழ்வையும் தொடுகிறது. ஒன்பது நகரக் கோயில்களும், தைப்பூசத்துப் பழநியும், 1863 முதல் இப்பகுதியின் வணிகச் சமூகமான நகரத்தார் சத்திரம் நடத்திவரும் காசியும் என்று இங்கே வழிபாடு பெரிதும் பயணத்தோடு பிணைந்திருக்க, வேண்டுதலோடு புறப்பட்ட ஒருவர் பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னால், நம்பிக்கையோடு வந்திருந்தால் ஒன்றும் செய்யாது என்ற சொல் உடன் வருபவர்களிடமிருந்து எளிதாக எழுந்துவிடுகிறது. உடல் ஊர்தியை மறுப்பது உள்ளத்தின் குறைதானா, அத்தகைய உடலை உடையவருக்கு யாத்திரையின் பயன் குறைவுபடுமா என்ற கேள்விகள், அன்புடன் சொல்லப்பட்டாலும் புண்படுத்தும் இச்சொல்லிலிருந்தே பிறக்கின்றன.

காரணத்தை முதலில் அறிவது நலம். காதின் உட்பகுதியில் நீர்மம் நிறைந்த அரைவட்டக் குழல்கள் மூன்றும், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களைத் தாங்கிய இரு பைகளும் உள்ளன. தலை திரும்புவதைக் குழல்களும், முன்பின்னாகவும் மேல்கீழாகவும் உடல் அசைவதைப் பைகளும் மூளைக்கு உணர்த்துகின்றன. வண்டிக்குள் அமர்ந்து கையிலுள்ள நூலையோ முன்னிருக்கையின் முதுகையோ பார்த்துக்கொண்டிருப்பவருடைய கண் அசைவில்லை என்று சொல்ல, உட்செவி அசைவு உண்டு என்று சொல்லும். சான்றுகள் இரண்டும் முரண்படும் அந்த இடத்தில்தான் குமட்டல் தோன்றுகிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கமாகும். ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை மெல்ல எழுந்து தாழும் அசைவே வயிற்றை மிகுதியாகப் புரட்டுவதால் கப்பல் இதில் முதலிடம் பெறுகிறது. அடுத்து வரும் திருப்பத்தை முன்னரே அறிந்திருக்கும் ஓட்டுநருக்கோ இத்தொல்லை அரிது. உட்செவியின் இச்செயலை முற்றிலும் இழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதே இல்லை என்ற ஒரு செய்தி மட்டுமே, இது மனத்திடம் பற்றியதன்று என்பதை நிறுவப் போதும். உலகைச் சுற்றிய பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை பயணம் செய்த சார்லஸ் டார்வின், ஏறக்குறைய ஐந்தாண்டுகளின் இறுதிவரை கடற்குமட்டலால் வருந்தினார். அவரை உறுதியற்றவர் என்று எவரும் சொல்லார்.

இந்திய மெய்யியலார் இப்புலன் முரண்பாட்டின் அருகே வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்கிறார்கள். அளவை நூல், அதாவது எது சரியான அறிவு என்பதை ஆராயும் நூல், காட்சியறிவு பிழைபடும் இடங்களைக் கணக்கிடுவது மரபு. பௌத்த ஆசிரியர் தருமகீர்த்தி தம் நியாயபிந்துவில் கண்ணோய், விரைந்த சுழற்சி, ஓடத்தில் செல்லுதல், உடலின் நிலைகுலைவு ஆகியவற்றைப் பிழைக்குக் காரணங்களாகக் காட்டுகிறார். ஓடத்தில் இருப்பவனுக்குக் கரையின் மரங்கள் நகர்வதாகத் தோன்றும் மயக்கமே அவர் கருதியது. அம்மயக்கம் கண்ணோடு நின்றுவிடாமல் வயிற்றையும் எட்டும் என்பதை அவர் ஆராயவில்லை எனினும், ஊர்தியையே அறிவின் நிலை மாறும் இடமாக அவர் கண்டது வியக்கத்தக்கது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார், பௌத்தரைக் கடுமையாக மறுத்தவராயினும், காட்சியை அவர்களைப் போலவே நான்காக வகுத்தார். புலன்வழி அறிவது வாயிற்காட்சி. மனத்தால் அறிவது மானதக் காட்சி. யோகியர் அறிவது யோகக் காட்சி. உயிர் தன் இன்ப துன்பங்களைத் தானே நேராக அறிவது தன்வேதனைக் காட்சி. இந்நான்காவது பாகுபாடே இங்கு விளக்குப் போல உதவுகிறது. காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம், புண்ணைக் கண்ணால் காணலாம், குமட்டலையோ அதை அனுபவிப்பவர் மட்டுமே அறிவார். ஆயினும் அது கற்பனையன்று, ஐயத்துக்கு இடமற்ற காட்சியறிவு என்று சித்தாந்த அளவை சொல்லும்போது, வயிற்றைப் புரட்டுகிறது என்ற ஒருவரின் சொல்லைப் பாசாங்கு என்று தள்ளுவோர் அறநெறியோடு அளவை நெறியையும் சேர்த்தே மீறுகிறார்கள்.

உடலின் துன்பம் உயிருக்கும் உரியதா என்ற கேள்விக்குச் செட்டிநாட்டின் மடங்கள் இரண்டு இருவேறு விடைகளை வைத்திருக்கின்றன. காரைக்குடியை அடுத்த கோவிலூர் மடம் தமிழில் வேதாந்தம் பயிற்றுவித்த பெருமையுடையது. உடல் நானல்லேன், உடலில் நிகழ்வதைக் காணும் சாட்சியே நான் என்பது அந்நெறியின் உயிர்நிலை. குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனம் சார்ந்து நிற்கும் சைவ சித்தாந்தமோ, பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தை ஏற்பதுபோல உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகிறது என்றும், தனு கரண புவன போகங்களை, அதாவது உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகியவற்றை, உயிரைப் பற்றிய அழுக்காகிய மலம் நீங்குவதற்காக இறைவன் அளித்தான் என்றும் கூறுகிறது. ஞானம் முதிர்ந்தவருக்கு வேதாந்தத்தின் சாட்சி நிலை மெய்யான புகலிடம்தான். ஆனால் பழநி செல்லும் வழியில் நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வியர்த்திருப்பவரிடம், துன்புறுவது நீயல்லை என்று மற்றொருவர் சொல்வது இரக்கமின்மையாகவே முடியும். அந்நேரத்தில் அவர் முழுவதும் குமட்டலின் வண்ணமாகவே இருக்கிறார் என்பதைச் சித்தாந்தம் நேர்மையோடு ஒப்புக்கொள்கிறது. அந்நேர்மையே இவ்விடத்தில் உயர்ந்தது.

இனி, துன்பமே அருள் என்ற வாதம் எழும். திருநாவுக்கரசரைச் சைவத்துக்கு மீட்டது வயிற்றைக் குடைந்த சூலை நோயன்றோ என்று கேட்பார்கள். சேக்கிழார் காட்டும் அச்சூலை ஒருவருக்கென ஒரு பயன் கருதி வந்தது. அது நீங்கியதும் திருநீறு பூசித் திருவதிகையில் அவர் பதிகம் பாடியபோதுதான். அதைப் பொதுவிதியாக்கி, மருந்துண்ணாமல் வருந்துவதே யாத்திரைத் தவம் என்று கொள்ள அக்கதையில் இடமில்லை. இறைவன் தந்த கருவியைப் பேணுவது பக்திக்கு இழுக்காகாது. ஆகவே மருத்துவரைக் கேட்டுப் புறப்படுமுன் மாத்திரை உண்பதும், முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவில் பார்வையை நிறுத்துவதும், எலுமிச்சம்பழத்தை முகர்வதும் நேர்த்திக்கடனைச் சிறிதும் குறைப்பதில்லை.

மேலும், ஊர்தி ஒவ்வாதவருக்கு இப்பகுதியின் மரபே பெருவழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. நானூறு ஆண்டுப் பழமையுடையதாகச் சொல்லப்படும் நகரத்தார் பழநிப் பாதயாத்திரை, குன்றக்குடியில் காவடிகள் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டரை நடந்தே கடக்கிறது. நடப்பவருடைய கண்ணும் செவியும் காலும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. அங்கே உடல் சுமக்கப்படும் பொருளாக இல்லாமல் தானே செல்வதாக இருப்பதால் குமட்டலுக்கு இடமே இல்லை. பேருந்துகள் பெருகிய காலத்தில் எளியோரின் வழியாகவோ கடுந்தவமாகவோ மட்டும் இதைக் காண்பது போதாது. கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் வணிகம் செய்த ஒரு சமூகம், கப்பலுக்கும் இரயிலுக்கும் பழகிய பின்னும் முருகனிடம் நடந்து செல்வதை விடாமல் காத்தது. உடலின் இயல்பான கதிக்கு அது அளித்த மதிப்பாகவும் இதைக் கொள்வது தகும்.

நடக்கவும் இயலாத முதியவர் இருக்கிறார். ஊர்தியும் ஒவ்வாமல் காலும் ஒத்துழையாமல் வீட்டில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துக் காத்திருக்கும் அவருக்குப் பயன் குறையுமா என்ற கேள்விக்கு, சூலையை எடுத்துக்காட்டுவோர் அதே திருநாவுக்கரசர் வரலாற்றின் பிற்பகுதியைப் படிக்க வேண்டும். கயிலைக்குப் புறப்பட்ட அவர், கால்கள் தேய்ந்தபின் கைகளாலும், கைகள் ஓய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து, பின்னர் புரண்டும் சென்று, உறுப்புகள் அனைத்தும் தளர்ந்து கிடந்தார். இறைவன் அவரை மேலும் நடக்கச் சொல்லவில்லை. அருகிலிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழச் செய்தான். கயிலைக் காட்சியை அங்கேயே காட்டினான். அக்காட்சி விழா இன்றும் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் நடைபெற்று வருகிறது.