பாலாலயமும் மாற்றுச் சேவையகமும்

தாங்கும் இடம் அழிந்தால் தாங்கப்படும் பொருளும் அழியுமா என்பது சமயங்களின் பழைய கேள்வி. இணையதளத்தையும் அதன் தரவுத்தளத்தையும் பேரிடரில் காக்க வேண்டியவர்கள் முன்னும் அதே கேள்விதான் நிற்கிறது.

சைவ ஆகம மரபு இதற்குச் சடங்கின் வழியே விடை தருகிறது. திருப்பணி தொடங்குமுன் மூலவரின் கலைகள், அதாவது தெய்வ ஆற்றல்கள், கலாகர்ஷணம் என்னும் சடங்கால் கும்பத்துக்கு மாற்றப்படுகின்றன. பின்னர் அவை பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில், பெரும்பாலும் மரப்பலகையில் எழுதிய உருவில், எழுந்தருளுகின்றன. பணி முடியும்வரை நித்திய பூசை அங்கே தடையின்றி நடக்கும். குடமுழுக்கில் கலைகள் மூலவரிடம் திரும்பச் சேர்க்கப்படும். மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரப் பக்தர்கள் அறிந்த நடைமுறை இது. கருவறை புனிதமானது, ஆயினும் வழிபாடு கருவறைச் சுவரோடு கட்டுண்டதன்று.

2021 டிசம்பர் 18 அன்று பெய்த பெருமழை கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி மீட்புக்குக் காத்திருந்தனர். இத்தகைய வேளையில்தான் நீர்ப்பாசன வடிகால் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்’ தளம் காட்டும் மழையளவும் ஆற்று நீர்மட்டமும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. இதுபோன்ற தளம் ஓயாதிருக்க, வெள்ளம் எட்டாத வேறோர் ஊரில் இரண்டாவது சேவையகம் வேண்டும். முதன்மைத் தரவுத்தளத்தில் பதிவாவது உடனுக்குடன் அங்கும் பதிவாக வேண்டும்.

பாலாலயத்துக்கு நாள் குறிக்கலாம். வெள்ளம் நாள் பார்த்து வருவதில்லை. ஆகவே தரவின் இடமாற்றம் ஆபத்து வந்தபின் தொடங்கும் வேலையன்று, அன்றாடக் கடமை.

வாய்மையும் இங்கே சோதிக்கப்படுகிறது. பிற்பகல் 3 மணி நீர்மட்டம் 5 மணிக்கும் மாறாமல் திரையில் நின்றால், தளம் இயங்குவதுபோல் தோன்றும். ஆனால் அது சொல்வது பொய். அதை நம்பி வீட்டிலேயே இருப்பவர் உயிர் ஆபத்தில் சிக்குவார். பதிவான நேரத்தைக் காட்டுவதும், தரவு வராதபோது வரவில்லை என்று அறிவிப்பதும் அறத்தின்பாற்பட்டவை.

பூசை நடவாத பாலாலயம் வெறும் கொட்டகை. மீட்டெடுத்துப் பார்க்காத காப்புநகலும் அத்தகையதே. உறுப்பினர் பட்டியலையும் திருமணப் பதிவுகளையும் கணினியில் வைத்திருக்கும் ஒவ்வொரு கோயிலும் சங்கமும் அவற்றின் நகலை வேறோர் ஊரில் வைக்க வேண்டும். அந்த நகலைக்கொண்டே மறுபடி இயங்க முடிகிறதா என்று அடுத்த மழைக்காலத்துக்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும்.