யார் சொல்லை யார் கேட்பது?

நம் பெண்களுக்குத் 'தலைமைப் பண்பு வளர்ப்பு முகாம்' அடிக்கடி நடக்கிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன, அரசுத் துறைகள் நடத்துகின்றன, நம் இயக்கங்களும் நடத்துகின்றன. எல்லா முகாமிலும் கண்டுபிடிக்கிற நோய் ஒன்றுதான்: தன்னம்பிக்கை இல்லை, கூச்சம், நாலு பேர் முன்னால் பேச வரவில்லை. மருந்தும் ஒன்றுதான், பயிற்சி. மூன்று நாள் சோறு போட்டு, சாயங்காலம் விளையாட்டு வைத்து, கடைசியில் கையில் ஒரு சான்றிதழ். வேலைத்தளத்தில் தலித் பெண் ஏன் மேலே வருவதில்லை என்று கேட்டால் இதைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். குறை அவளிடம் இருக்கிறதாம். நான் இதை மறுக்கிறேன்.

தமிழில் ஒருவர் சொல்லைக் கேட்பது என்றால் அதன்படி நடப்பது என்றும் பொருள். 'எம் பேச்ச எவன் கேக்குறான்' என்று நம் ஆத்தாமார் அலுத்துக்கொள்வது யாருடைய செவிட்டுத்தனத்தைப் பற்றியும் அல்ல. அதே 'கேள்' பழந்தமிழில் உறவையும் குறிக்கும். கேளிர் என்றால் சுற்றத்தார். உறவென்று ஒப்புக்கொண்டவர் சொல்லைத்தான் காது வாங்கும் போலிருக்கிறது. (சொல்லாராய்ச்சியை இதோடு நிறுத்துகிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு இந்த வியாதி உண்டு.) அப்படியானால் தலைமை குடியிருக்கிற இடம் கேட்கிறவர்களின் காது. அந்தக் காதை விட்டுவிட்டு இவள் வாய்க்குப் பயிற்சி கொடுத்து என்ன ஆகப்போகிறது?

பழனி மலையின் கீழ்மலைப் பக்கம் வாருங்கள். தாண்டிக்குடி, பன்னைக்காடு, பெரும்பாறை வட்டாரம் முழுக்கக் காப்பித் தோட்டங்கள். கார்த்திகையில் தொடங்கி தை, மாசி வரை பழம் பறிப்பு. பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலனிப் பெண்கள், பளியர், புலையர் குடும்பத்துப் பெண்கள். விடியுமுன் ஜீப்பில் திணித்துக் கொண்டுபோய் இறக்குவார்கள். மேஸ்திரி ஆம்பளை, ரைட்டர் ஆம்பளை, சாயங்காலம் எடை போடுகிறவனும் ஆம்பளை. மிளகுக்கு ஏணி ஏறுவது ஆம்பளை வேலை, அதனால் அதற்குக் கூலி கூடுதல். குனிந்து நிமிர்ந்து, அட்டைக்கடியோடு நாள் முழுக்கச் சரிவில் நிற்பது என்ன வேலை என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

அங்கே எனக்கு ஒரு அத்தையைத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் காப்பிக் காட்டில் உழைத்தவர். பட்டையில் லேசாக மேடு தட்டியிருப்பதை விரலால் தடவியே அந்தச் செடியில் தண்டு துளைப்பான் இறங்கிவிட்டது என்று சொல்லுவார். எந்தப் பக்கத்துப் பழம் இன்னும் பத்து நாள் நிற்கும், எது இன்று பறிக்காவிட்டால் உதிரும், மழை பெய்த மறுநாள் எந்தச் சரிவில் ஆளை இறக்கக் கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கே சொல்லித்தருவதில் பாதியை அத்தை சொல்லித்தருவார். அவருடைய மேஸ்திரிக்கு இருபத்தாறு வயது, ஊர்த்தெருப் பையன். காலையில் அத்தையிடம் கேட்டுத்தான் ஆளை நிறுத்துகிறான். கேட்டதைத் தன் வாயால் உத்தரவாகப் போடுகிறான். அத்தையை 'ஏ' போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அத்தை அவனைச் 'சாமி' என்பார்.

"இந்தம்மாவை மேஸ்திரியாப் போட்டா என்ன?" என்று ரைட்டரிடம் கேட்டேன்.

"அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே."

மேஸ்திரியின் எழுத்து வேலை என்னவென்று பார்த்தேன். ஒரு நோட்டு. அதில் பெயர்கள். வந்தவர்களுக்கு நேரே ஒரு கோடு. பையன் எட்டாவதோடு நின்றவன்.

"அந்தம்மா மக பிளஸ் டூ முடிச்சிருக்கு. அதப் போடுங்களேன்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு உண்மையைச் சொன்னார். "போடலாந்தான். ஆனா ஆளுக கேக்க மாட்டாகளே."

முதலில் சொன்ன காரணம் திரை. விலக்கினால் பின்னால் இருந்தது இது. அந்த 'ஆளுக' யார் யார் என்று விசாரித்தேன். ஏணி ஏறுகிறவர்கள், பல்பர் ஓட்டுகிறவர், ஜீப் டிரைவர். ஊர்த்தெருக்காரர்கள் அதில் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், இருந்தார்கள். நம் ஆண்களும் இருந்தார்கள். 'பொம்பள நோட்டத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடப்பா, நாங்க பின்னாடி போகணுமா' என்று கேட்டது நம் காலனிக்காரர்தான். மேஸ்திரிப் பையன் சாமி என்று கூப்பிட வைத்தபோது அவருக்கு வராத ரோஷம் இது.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கும் பிறகு மலேயாவுக்கும் நம் சனங்களைத் தோட்ட வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனவர்கள் கங்காணிகள். ஆள் பிடிப்பது, முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டுவது, காட்டில் நின்று வேலை வாங்குவது, மூன்றும் ஒரே ஆள். கொழுந்து பறித்தவர்கள் பெண்கள், அவர்கள் தலைக்குமேல் நின்றவன் ஆண். பெரிய கங்காணி பெரும்பாலும் கூட்டத்தைவிட மேல்சாதி. துரைக்கு நம் சாதியைப் பற்றி அக்கறை எதுவும் இருந்திருக்காது. ஆனால் ஏற்கெனவே பழக்கப்பட்ட காதுகள் கிடைக்கும்போது புதிதாகக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுக்கும் செலவு மிச்சம். ஊரின் அடுக்கை அப்படியே கப்பலேற்றித் தோட்டத்தில் இறக்கினான். முதலாளியத்துக்குச் சாதி பழைய சுமை என்று சொல்லித்திரியும் தோழர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

காது இல்லாமல் நாற்காலி மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணலின் வாழ்க்கையே சாட்சி. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். அவருக்குக் கீழே இருந்த பியூன், தீட்டுப் படாமலிருக்கக் கோப்புகளை அவர் மேசைமேல் தூர நின்று வீசினான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அம்பேத்கரிடம் எந்தத் தலைமைப் பண்பு குறைந்திருந்தது? எந்த முகாமுக்கு அவரை அனுப்பியிருக்க வேண்டும்?

நூறு வருடம் கழித்தும் கதை மாறவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தன் சொந்த அலுவலகக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். அக்டோபரில் அந்தப் படம் வெளியே வந்த பிறகுதான் கைது நடந்தது. அதே வருடம் ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் கொடியேற்ற முடியவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் நேரில் வந்து ஏற்ற வைத்தார். தாழையூத்துத் தலைவர் கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் வெட்டிச் சாய்த்தார்கள், உயிர் பிழைத்தார். மேலவளவு முருகேசனுக்கு 1997இல் அதுவும் வாய்க்கவில்லை. சட்டம் நாற்காலியைக் கொடுத்தது. நான் இடஒதுக்கீட்டை ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அந்தப் படம் வந்திருக்காவிட்டால் தரை நமக்குத் தெரிந்தே இருக்காது, நாற்காலி இல்லாவிட்டால் படமும் இல்லை. தோட்டத்தில் அந்த நாற்காலிகூடக் கிடையாது. 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், தொட்டில் கொட்டகை பற்றியெல்லாம் பேசியது, யார் மேஸ்திரி ஆவது என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுவும் 5 ஹெக்டேருக்கும் 15 ஆளுக்கும் குறைந்த தோட்டங்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. கீழ்மலையின் சின்னச் சின்னக் காடுகள் எத்தனையோ அதற்கு வெளியே கிடந்தன.

'பெண்கள்' என்று பொதுவாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே மலையில், கொடைக்கானலில், 1984இலிருந்து அன்னை தெரசா பெண்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண் துணைவேந்தர் கையெழுத்துப் போட்டால் ஆண் ஊழியர் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், மலை ஒன்றும் இடிந்து விழவில்லை. பெண் சொல்லிக் கேட்கிற காது இந்த ஊரில் இருக்கத்தான் செய்கிறது. எந்தப் பெண் சொன்னால் என்பதில்தான் விஷயம்.

நாற்காலி இல்லாமல் காது மட்டும் கிடைத்த கதையும் பக்கத்திலேயே உண்டு. கொடைக்கானலிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்கு ஒரு காலத்தில் ரோடு இருந்தது. அந்தப் பக்கம் தேயிலைக் காட்டில் 2015 செப்டம்பரில் பெண்கள் எழுந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் பெண்கள். நாள் கூலி 232 ரூபாய், போனஸை 10 சதவிகிதமாகக் குறைத்திருந்தது கம்பெனி. லிசி சன்னி, கோமதி, இந்திராணி என்று முன்னே நின்றவர்களும் கொழுந்து பறித்தவர்கள்தான். ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்காமல், ஒன்பது நாளில் 20 சதவிகிதம் வாங்கினார்கள். 'பெண்கள் ஒற்றுமை', அவர்கள் மொழியில் 'பொம்பிளை ஒருமை', அப்படிப் பிறந்தது. யாரும் அவர்களுக்கு முகாம் நடத்தியிருக்கவில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தது அங்கீகாரம் பெற்ற பழைய சங்கங்கள், பழைய ஆண்கள். அக்டோபரில் கூலி 301 ரூபாய் என்று முடிந்தது. பெண்கள் கேட்டது 500. பிறகு தலைவிகளுக்குள் பிளவு. 2017 ஏப்ரலில் கேரள அமைச்சர் எம்.எம். மணி அந்தப் போராட்டத்தையே இழிவாகப் பேச, பெண்கள் மூணாறில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஆண் தலைவர் தப்புச் செய்தால் அவர் கணக்கைத் தோண்டுவார்கள், பெண் தலைவர் சரியாகச் செய்தாலும் அவள் ஒழுக்கத்தைத் தோண்டுவார்கள். பிளவு வந்ததும் 'பொம்பளைங்க சேர்ந்து இருக்க மாட்டாங்க' என்று சிரித்தவர்களிடம், நம் ஆண் இயக்கங்கள் எத்தனை துண்டு என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். கங்காணியின் தடியைப் பிடுங்கி நம் அத்தை கையில் கொடுப்பதா விடுதலை? தடியையே ஒடிக்க வேண்டாமா? இந்த மலையிலேயே அப்படி வாழ்ந்தவர்கள் உண்டு. 1960களில் பளியரோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்டனர், ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போடுவதை அவர்கள் விரும்புவதில்லை, சண்டை வந்தால் விலகிப் போய்விடுகிறார்கள் என்று எழுதினார். அழகான வாழ்க்கை. இன்று அந்தப் பளியரின் பிள்ளைகள் காப்பிக் காட்டில் யாருடைய உத்தரவுக்கு நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் உத்தரவு போடாதவர்கள் தலையில்தான் எல்லோருடைய உத்தரவும் வந்து விழுந்தது. அதிகாரம் வேண்டாம் என்று சொல்ல அது ஒரு முறையாவது கைக்கு வந்திருக்க வேண்டும். வராதவளுக்குத் துறவைப் போதிப்பதை நான் தத்துவம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் மேடைகளையும் பார்த்துவிடலாம். சுவரொட்டியில் பெண் பெயர் கடைசி வரி. அதே வரிசையில் பேச விடுகிறார்கள்; அவர் மைக் பிடிக்கும்போது கூட்டம் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருக்கும். 'மகளிர் அணி' என்று ஒன்று உண்டு, அதன் சொல்லைக் கேட்கிற ஆண் அணி எதையும் நான் பார்த்ததில்லை. பயிற்சி முகாம் நடத்த யாருக்காவது ஆசையென்றால் அந்த ஆண்களைக் கூப்பிட்டு நடத்துங்கள்: ஒரு தலித் பெண் 'இன்று இந்தச் சரிவில் இறங்க வேண்டாம்' என்று சொன்னால், மறுபேச்சு இல்லாமல் இறங்காமலிருப்பது எப்படி? மூன்று நாள் போதாது என்பது என் கணிப்பு.

அத்தையிடம் கேட்டேன், நோட்டு கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "என்னத்தச் செய்யிறது தாயி. எடை போடுறப்ப தராசு முள்ள நாங்க பாக்கணும். இப்ப அவுக பாத்து அவுக சொல்றாக. பிள்ளைத்தாய்ச்சியப் பள்ளத்துக்கு அனுப்ப மாட்டேன். அப்புறம் அந்தப் பயல ஒரு நா கூடை கட்டி பறிக்கச் சொல்லணும்." கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போவதாகச் சொன்னாள், அங்கே லைன் சூப்பர்வைசர் ஆகலாமாம். நோட்டு இந்த வருடமும் பையன் கையில்தான் இருக்கிறது.