நடை சாத்தும் நேரம்

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரில் கிளம்பும் பேருந்துகள் சனிக்கிழமை விடிகாலையில் புதுச்சேரியில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. இறங்குகிறவர்களின் கைபேசியில் அன்றைய நாள் ஏற்கெனவே வாழ்ந்து முடிக்கப்பட்டிருக்கிறது. ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலை, எட்டுக்கு மணக்குள விநாயகர், ஒன்பதுக்கு அரவிந்தர் ஆசிரமம், பத்தரைக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்கா, பிறகு ஆரோவில். ஒரு பிள்ளையார், ஒரு சமாதி, ஒரு தேவாலயம், தன்னை மதம் என்று அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு தங்கக் கோளம்.

இந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் பழைய யாத்திரைக்காரர்களும் பட்டியலோடுதான் போனார்கள். ராமேசுவரத்து மணலை எடுத்துப்போய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. இவ்வளவு கறாரான பயணத் திட்டம் எந்த டிராவல்ஸ்காரரிடமும் கிடையாது. எனவே திட்டம் போடுவது பக்திக்கு விரோதம் என்ற வாதம் நிற்காது. நியாயமான கேள்வி வேறு: போகிறவர் தன்னுடைய நேரத்தில் போகிறாரா, அந்த இடத்தின் நேரத்தில் போகிறாரா?

புதுச்சேரியில் இந்தக் கேள்விக்கு வசதியான பதில் கிடைக்காது. அங்குள்ள புனித இடங்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் 'இப்போது வேண்டாம்' என்று சொல்லப் பழகியவை. மணக்குள விநாயகர் மத்தியானம் நடை சாத்திவிடுவார். மாலையில்தான் மறுபடி திறப்பு. மரீன் தெருவிலிருக்கும் ஆசிரமம் பகல் 12 மணிக்கு மூடி 2 மணிக்குத் திறக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. செருப்பை வெளியே விட்டு, கைபேசியை அணைத்துவிட்டுத்தான் போகவேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. விளக்கிச் சொல்ல வழிகாட்டியும் கிடையாது. முற்றத்து மரத்தடியில் பூ அலங்காரத்தோடு சலவைக்கல் சமாதி. சுற்றிலும் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு மட்டும் கூடாது. அதற்குமேல் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பட்டியலோடு வந்தவருக்குத் திண்டாட்டம் இங்கேதான் ஆரம்பம். ஒரு சுற்று வந்து ஐந்து நிமிடத்தில் வெளியேறுகிறவர்களே அதிகம்.

அந்தச் சமாதியில் இருப்பவரே ஊருக்குள் தங்க வந்தவர் அல்லர். கல்கத்தாவில் பிரிட்டிஷ் போலீஸ் தேட, சந்திரநாகூர் வழியாகத் தப்பி, 'துய்ப்ளே' என்ற பெயர்கொண்ட கப்பலில் அரவிந்தர் புதுச்சேரி வந்து இறங்கியது 1910 ஏப்ரல் 4. பிறகு 40 ஆண்டுகள் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1926 நவம்பர் 24க்குப் பிறகு அறையைவிட்டே அநேகமாக வெளிவரவில்லை. வருடத்தில் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் சீடர்கள் வரிசையில் வந்து, சில நொடிகள் அவர் முன் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் போவார்கள். அந்தச் சில நொடிகளுக்காக வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் மாதக்கணக்கில் திட்டமிட்டு வந்தவர்கள் உண்டு. இன்றும் பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவை தரிசன நாட்கள். அவருடைய அறையைப் பார்க்க வரிசை தெருவில் நீளும்; ஆசிரம விடுதிகளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறவர் இந்த நான்கு நாட்களைத் தவிர்ப்பது அவருக்கும் நல்லது, வரிசையில் நிற்பவர்களுக்கும் நல்லது.

அரவிந்தரின் வழி மதமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அவர் பெயரில் எழுந்த ஆரோவில்லின் நிர்வாகத்தை மத்திய அரசு 1980இல் ஒரு சட்டத்தின் மூலம் தன் கைக்குள் கொண்டுவந்தபோது, தாங்கள் ஒரு மதப் பிரிவினர், மத உரிமை பறிக்கப்படுகிறது என்று அரவிந்தர் சங்கத்தின் தரப்பில் வாதிட்டார்கள். மதம் எதையும் நிறுவ வரவில்லை என்று குருவே சொல்லியிருக்க, சீடர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகளோடு நின்றார்கள். 1982 நவம்பரில் எஸ்.பி. மிட்டல் வழக்கில் ஐந்து நீதிபதிகளின் பெரும்பான்மை, அரவிந்தரின் போதனை தத்துவமே, மதம் அல்ல என்று தீர்ப்பளித்தது. நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் அந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை; மதத்துக்கு இவ்வளவு குறுகிய அளவுகோல் போதாது என்பது அவர் கட்சி. சட்டம் செல்லும் என்பதில் அவரும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார். சமாதிக் கல்லில் நெற்றியை வைத்து நகராமலிருக்கும் மூதாட்டியைப் பார்க்கிறவருக்குச் சின்னப்ப ரெட்டி சொன்னதில்தான் சாரம் இருப்பதாகத் தோன்றும்.

ஆரோவில்லின் மாத்ரிமந்திர் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. 1971 பிப்ரவரி 21இல் அடிக்கல் நாட்டி, 2008இல் கட்டி முடித்தார்கள். உள்ளே 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்படிகக் கோளம். கூரையிலிருந்து கண்ணாடி வழியாகத் திருப்பிவிடப்பட்ட ஒற்றைச் சூரியக் கதிர் அதன்மேல் விழும். பூ, ஊதுபத்தி, பாட்டு எதுவும் இல்லை. பார்க்க மட்டும் விரும்புகிறவர் வருகையாளர் மையத்தில் ஒரு குறும்படம் பார்த்து, இலவசச் சீட்டு வாங்கி, மரநிழலில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்து, தொலைவிலிருந்து தங்கக் கோளத்தைப் பார்த்துத் திரும்பலாம். உள்ளே உட்கார விரும்புகிறவர் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். அதற்கு ஒரு நாள் மட்டும் தங்கும் பயணம் போதாது. காணவந்தவர், அமரவந்தவர் என்று இரண்டாகப் பிரித்துவிடுவது கொஞ்சம் கடுமைதான். ஆனால் நேர்மையான கடுமை. மற்ற இடங்களில் இந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. இங்கே அதை நடைபாதையாகவே போட்டுவிட்டார்கள்.

கோடு எங்கே போடுவது என்ற தலைவலி உலகம் முழுக்க உண்டு. மெக்சிகோவின் சியாபாஸ் மலைநாட்டில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் சான் கிறிஸ்டோபல் நகரம். அங்கே வரும் பயணிகள் பக்கத்து ஊரான சான் ஹுவான் சமூலாவின் தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சோட்ஸில் மாயா மக்கள் தரையில் பைன் ஊசியிலைகளைப் பரப்பி, மெழுகுவத்திகளை வரிசையாக ஏற்றி, நோயாளியை நடுவில் உட்காரவைத்துச் சடங்கு செய்வார்கள். பெயர் கத்தோலிக்கம், உள்ளடக்கத்தில் பாதி அதற்கு முந்தியது. வெளியூர்க்காரர் சீட்டு வாங்கி உள்ளே போகலாம், படம் எடுக்கக் கூடாது. அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உள்ளே நடப்பது அவர்களுக்காக நடக்கவில்லை. அவர்கள் வராவிட்டாலும் நடக்கும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் கிடைக்காமல் போகலாம் என்பதற்குப் புதுச்சேரியிடம் உலகறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க, 1760இல் பாரிசிலிருந்து கிளம்பிய வானியலாளர் கியோம் லெ ஜாந்தி. 1761இல் அது நிகழ்ந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்திருந்தது. கரையிறங்க முடியாமல், ஆடும் கப்பலில் இருந்தபடி அளவெடுக்க வழியில்லாமல் போனது. அடுத்த வாய்ப்பு எட்டு வருடம் கழித்து. காத்திருந்தார். மணிலாவில் பார்க்கலாம் என்று போனவரைப் பிரெஞ்சு அகாதமி புதுச்சேரிக்கு அனுப்பியது. 1768இல் வந்து, இடிந்துகிடந்த கோட்டையில் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடியது. நிகழ்வு முடிந்தபின் வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததாம். அவர் 1771இல் ஊர் திரும்பியபோது, செத்துப்போனவர் என்று முடிவுகட்டி சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள்.

ஆனால் அந்த மனிதர் வெறுங்கையோடு போகவில்லை. காத்திருந்த காலத்தில், சோழிகளை நகர்த்தி, மனப்பாடமாகக் கிரகணம் கணிக்கும் தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிப்பு 41 வினாடி குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மாயருடையது 68 வினாடி கூடியது. இதை எழுதிவைத்தவரும் அவரே. எதற்காக வந்தாரோ அது கிட்டவில்லை, கேட்காதது கிடைத்தது. பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வதை இப்படி ஒரு பிரெஞ்சுக்காரர் விருப்பமில்லாமலே வாழ்ந்து பார்த்திருக்கிறார்.

பட்டியலில் சேர்க்கவே முடியாத இடம் ஒன்றும் இந்த ஊரில் உண்டு. மிஷன் தெருவில் ஜென்மராக்கினி மாதா பேராலயம். ஊர்க்காரர்களுக்கு சம்பா கோயில். அதன் பக்கத்தில் வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயப் படை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சி அதை இடித்தது. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அந்த இடிப்பை மனம் நொந்து பதிவு செய்திருக்கிறார். 13 வருடம் கழித்து, 1761இல், ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கியபோது பக்கத்துத் தேவாலயமும் தப்பவில்லை. இப்போது நிற்பது 1791இல் கட்டி முடித்தது. ஈசுவரன் கோயில் தெருவில் இருப்பது பிற்பாடு எழுந்த வேதபுரீசுவரர்.

உள்ளே யார் வரலாம் என்ற வழக்குக்குச் சுற்றுலாவைவிட வயது அதிகம். சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரிக்க ஒரு குறுக்குச்சுவர் இருந்தது. 1745இல் எழுந்த சண்டையில் அது அகற்றப்பட்டதையும் பிள்ளையின் நாட்குறிப்பில் படிக்கலாம். காமிராவோடு வருகிறவனை வாசலில் நிறுத்துவது ஒன்று. கும்பிட வந்தவனைச் சுவர் வைத்து நிறுத்துவது வேறு. இரண்டையும் 'கோயில் கட்டுப்பாடு' என்ற ஒரே பையில் போடக்கூடாது.

மணக்குள விநாயகர் வாசலில் மட்டும் நெடுங்காலம் எந்தக் கோடும் இல்லாமல் இருந்தது. காரணம் லட்சுமி. தும்பிக்கையில் நாணயம் வாங்கிக்கொண்டு தலையில் தட்டி ஆசி கொடுக்கும் யானை. பாரிசிலிருந்து வந்தவரும் பண்ருட்டியிலிருந்து வந்தவரும் ஒரே மாதிரிதான் குனிந்தார்கள். அதில் எது பக்தி, எது வேடிக்கை என்று பிரிக்க முடியாது. யானைக்கு அது சுகமா என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பி, காட்டுக்கு அனுப்பச் சொன்னவர்களும் இருந்தார்கள். 2022 நவம்பர் 30 காலையில் நடைப்பயிற்சியின்போது லட்சுமி தெருவிலேயே விழுந்து இறந்தது. இறுதி ஊர்வலத்துக்கு ஊரே திரண்டது. விழுந்த இடத்தில் பூவும் விளக்கும் வைத்து மக்கள் கும்பிட்டார்கள். அதுவரை சுற்றுலாப் படங்களில் மட்டும் தென்பட்ட ஒன்று அன்று அந்தத் தெருவுக்குச் சொந்தமானது என்று தெரிந்தது.

நேரத்தை முழுக்க அந்த இடத்திடமே ஒப்படைக்கத் துணிகிறவர் மாசி மகத்துக்கு வரலாம். மயிலம் முருகன் உட்பட சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் நாள் அது. தேதி நட்சத்திரத்தைப் பொறுத்தது. சனி, ஞாயிறு பார்த்து வராது. தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். கார் எடுத்துப்போவது வீண். எந்த சாமி எப்போது வரும் என்று கேட்டால், வந்துகொண்டிருக்கிறது என்பார்கள்.

ஊருக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். அந்த ஆளுநர் சிவபக்தர் அல்லர். ஊர் அவரைச் சிவபக்தராக ஆகச் சொல்லவும் இல்லை. இழுக்கிற நேரத்தில் வந்து, இழுத்துவிட்டுப் போனால் போதும். 1954இல் ஆட்சி கைமாறிய பிறகும் வழக்கம் நிற்கவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். அவருக்குப் பின்னால் கயிற்றில் கைவைப்பவர்களுக்குச் சீட்டும் இல்லை, முன்பதிவும் இல்லை. தேர் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் ஓடும். நாள் வருடத்துக்கு வருடம் மாறுவதால், விடுதிக்குப் பணம் கட்டுமுன் கோயிலில் கேட்டுக்கொள்வது நல்லது. காலையில் சீக்கிரமே வடம் பிடித்துவிடுவார்கள்.