இருவர்க்கும் செய்யும் கைங்கர்யம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



எமரால்டு அணையின் நீர்ப்பரப்பையும் தேயிலைச் சரிவுகளையும் சூழ வாழும் நமக்கு மீண்டும் உற்சவ காலம் வாய்த்திருக்கிறது. பெருமாள் திருவீதிக்கு எழுந்தருளுகிறார். சந்நிதியில் குறைவற வீற்றிருப்பவர் ஏன் வெளியே புறப்பட வேண்டும்? சந்நிதிக்கு நடந்து வர இயலாத முதியோரும் நோயாளரும், அவர்களை விட்டு அகல முடியாத உற்றாரும் ஊரில் உண்டல்லவா? அவர்கள் வாசலுக்குத் தாமே சென்று சேவை சாதிக்க வேண்டும் என்ற திருவுள்ளமே புறப்பாட்டின் உட்பொருள் என்று பெரியோர் கூறுவர்.

பெருமாளை நாம் தனித்துச் சேவிப்பதில்லை. அகலாது திருமார்பில் உறையும் பிராட்டியோடு சேர்த்தே சேவிக்கிறோம். இளையபெருமாள் வனம் செல்ல விடை வேண்டியபோது, இராமபிரானுக்கு மட்டும் அடிமை செய்வேன் என்று விண்ணப்பிக்கவில்லை. பிராட்டியும் அவரும் மலைச்சாரல்களில் இனிதிருக்க, இருவர்க்கும் எல்லாப் பணிகளும் செய்வேன் என்றே வேண்டினார். சித்திரகூடத்தில் பர்ணசாலை அமைத்ததும், இரவெல்லாம் வில்லேந்தி விழித்திருந்ததும் அந்த மிதுனத்துக்குச் செய்த கைங்கர்யமே.

இந்த உண்மையை நம் மலைச்சரிவில் உள்ள ஓர் எளிய இல்லத்தில் வைத்துப் பாருங்கள். மனைவிக்குப் புற்றுநோய் என்றோ, கணவனுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது என்றோ மருத்துவர் கூறுகிறார். நோய் ஓர் உடலில்தான். ஆயின் உறக்கம் போவது இருவர்க்கும். ஒருவர் படுக்கையில் கிடக்க, மற்றவர் துணைக்கு இருப்பதால், பச்சைத் தேயிலை பறித்து ஈட்டிய நாள்கூலி இரண்டும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. முதலில் சேமிப்பு கரைகிறது; பின்னர் நகை அடகுக்குப் போகிறது; அதன் பின்னர் வட்டிக் கடன் வாசலில் வந்து நிற்கிறது. நலம் விசாரிக்க வருவோரும் நோயாளியை மட்டுமே விசாரித்துச் செல்கின்றனர். அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பவரை, ‘நீங்கள் சாப்பிட்டீர்களா?’ என்று கேட்பார் இல்லை.

அரசின் உதவிகள் உண்டு; அவற்றை அறிந்து பெறுதல் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிற்று. அதற்குரிய குடும்ப வருமான வரம்பு 2022இல் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு என்னும் நிலையும் ஏற்பட்டது. உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. எனினும், காப்பீடு மருத்துவமனைக்குத்தான் பணம் கொடுக்கும். உதகைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்வரும் பேருந்துச் செலவு, துணையிருப்போர் உணவு, இழந்த கூலி, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் பசி ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் வாரா. அங்கேதான் பாகவதர்களாகிய நமது கைங்கர்யம் தொடங்குகிறது.

அதனைச் செய்யும் முறையை நம் பூர்வாசாரியர் வாழ்ந்து காட்டியுள்ளனர். ஆளவந்தாரின் சீடர் மாறனேர் நம்பி. தம் ஆசாரியரை வருத்திய பிளவை நோயை, அவருடைய பிரசாதமாகத் தமக்கு வேண்டிப் பெற்று அநுபவித்தவர் என்று குருபரம்பரை கூறும். தாழ்ந்ததென்று அக்காலத்தார் கருதிய குலத்தில் பிறந்தவர் அவர். அவரைப் பெரிய நம்பிகள் அருகிருந்து பேணினார். அவர் பரமபதித்தபோது இறுதிக் கடன்களையும் தாமே செய்தார். ஊரார் பழித்தனர். உடையவர் வினவியபோது, ஜடாயுவுக்குக் கடன் செய்த பெருமாளினும் தாம் உயர்ந்தவரோ, ஜடாயுவினும் மாறனேர் நம்பி தாழ்ந்தவரோ என்று பெரிய நம்பிகள் மறுவினா விடுத்தார். உடையவர் உள்ளம் உவந்தார்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. நோயுற்றவரின் குலத்தைப் பெரிய நம்பிகள் எண்ணவில்லை, நாமும் எண்ணலாகாது. ‘எந்த வினையால் வந்ததோ’ என்று படுக்கையருகில் நின்று ஆராய்வதும் அதற்கு ஒப்பான பாகவத அபசாரமே. இரண்டாவது, அவர் பிறரை ஏவவில்லை, தாமே சென்றார். பொருள் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர்க்கு இது நல்ல பாடம்.

ஆகவே அன்பர்களே, உற்சவத்துக்கு நாம் ஒதுக்கும் பொருளில் ஒரு சிறு பங்கை இத்தகைய இல்லங்களுக்கென எடுத்து வைப்போம். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டா. வாங்குவோர் தலைகுனியக் கொடுப்பது கைங்கர்யம் ஆகாது. ததீயாராதனப் பிரசாதத்தை அவர்கள் வீட்டுக்கே கொண்டு செல்வோம். படித்த இளைஞர் வருமானச் சான்றும் காப்பீட்டு அட்டையும் பெற உடன் செல்லட்டும். ஒருவர் மருத்துவமனைக்குத் துணை போகட்டும். ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். நோயாளியின் அருகில் ஓரிரவு நாம் விழித்திருந்தால், அவருடைய துணைவர் ஓரிரவு உறங்குவார். துளசியும் தீர்த்தமும் கொண்டு செல்வோம்; மருந்துக்கு மாற்றாக அன்று, மனத்துக்குத் துணையாக.

உற்சவம் முடிந்து பெருமாள் ஆஸ்தானத்துக்கு எழுந்தருளிய பின்பும், அவர் நின்று சேவை சாதித்த அந்த வாசல்களில் நோயும் கடனும் இருக்கும். பெருமாள் காட்டிய வழியில் நம் கால்கள் மறுநாளும் அங்கே செல்லட்டும். திவ்ய தம்பதிகள் அதனைத் தங்களுக்குச் செய்த திருவடித் தொண்டாகவே ஏற்றருள்வர்.

அடியேன்.